சர்க்காரின் வரவு செலவுத் திட்டமும் குடிகளின் யோசனையும்

திண்டுக்கல் ஜில்லாவின் சமவெளிப் பிரதேசத்தில், நிலக்கோட்டைப் பக்கத்து வைகைப் பாசனத்தையும் மருதாநதி போன்ற சிறு அணைகளின் பாசனத்தையும் நீக்கிவிட்டால், மற்றெங்கும் கிணறும் வானமுமே குடியானவனுக்குத் துணையாகும். வேடசந்தூர், வடமதுரை, ஒட்டன்சத்திரம் முதலிய பகுதிகளில் சோளமும் மக்காச்சோளமும் நிலக்கடலையும் முருங்கையும் தக்காளியும் இத்துணையைக் கொண்டே விளைகின்றன. இத்தகைய பூமியில், கண்மாயைத் தூர்வாரச் சர்க்கார் பணம் ஒதுக்கியதா, பம்பு செட்டுக்கு மின்சாரம் எவர் செலவில் வருகிறது, காய்கறிச் சந்தைக்குக் குளிர்பதனக் கிடங்கு உண்டா என்னும் விஷயங்கள் மழைக்கு அடுத்தபடியாக விளைச்சலையும் விலையையும் நிர்ணயிக்கின்றன. ஆயினும், வரவு செலவுத் திட்டம் என்பது சென்னையில் சிலர் கூடி எழுதும் காகிதம், அதில் கிராமத்தார் சொல்லுக்கு இடமில்லை என்னும் எண்ணம் ரயத்துக்களிடையே வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் பாதி மெய். மற்றப் பாதி பொய்யாதலால், எந்தச் சொல் எவ்விடத்தில் எடுபடும் என்பதை அறிதல் அவசியம்.

நிலத்தின் தாங்கும் சக்தியை மீறிக் கணக்குப் போட்டால் என்ன விளையும் என்பதற்குத் திண்டுக்கல் சீமையே பழைய உதாரணம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சீமை கும்பினியார் வசமான பின்னர், ஹர்டிஸ் என்னும் கலெக்டர் நிலங்களை அளந்து தீர்வை விதித்தார். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீமையைப் பல மிட்டாக்களாகப் பிரித்து, நிரந்தரத் தீர்வையின் பேரில் ஏலம் விட்டனர். தீர்வையோ மிக உயர்ந்தது. சில வருஷங்களுக்குள்ளாகவே மிட்டாதார்களில் பெரும்பாலோர் பாக்கிதாரர்களாகி, மிட்டாக்கள் சர்க்கார் கைக்கே திரும்பின. காகிதத்தில் எழுதிய வருமானம் கஜானாவுக்கு வந்து சேரவில்லை. அதன் பின்பு கிராமக் குத்தகை முறையையும் பரீட்சித்துப் பார்த்து, கடைசியில் ரயத்துவாரி முறைக்கே வந்து சேர்ந்தனர்.

ரயத்துவாரி முறையோடு வழக்கில் வேரூன்றியதே ஜமாபந்தி. வருஷத்துக்கு ஒருமுறை தாலுகா கச்சேரியில் கிராமக் கணக்குகள் யாவும் தணிக்கையாகும். அவ்வேளையில் குடிகள் நேரில் மனுக் கொடுக்கலாம். 1980-இல் பரம்பரைக் கர்ணம், முன்சீப் உத்தியோகங்கள் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர்கள் வந்த பின்னரும், வருவாய்த் தீர்வாயம் என்ற பெயரில் அது நடந்தே வருகிறது. ஆனால் ஜமாபந்தி நிலக்கணக்கைச் சரிபார்க்கும் இடமேயன்றி, வருங்காலச் செலவைத் தீர்மானிக்கும் இடமன்று. அதன் கணக்கு பசலி வருஷத்தைச் சேர்ந்தது. அவ்வருஷம் ஜூலை 1-இல் பிறக்கும். 2025 ஜூலையில் பிறந்தது 1435-ஆம் பசலி. சர்க்காரின் நிதியாண்டோ ஏப்ரல் 1-இல் பிறக்கிறது. பட்டாவில் பெயர்ப் பிழை, அடங்கலில் பயிர்ப் பிழை போன்றவற்றை ஜமாபந்தியில் சொல்வது பொருந்தும். அங்கே போய்ப் புதிய பாலம் கேட்பவரின் மனு வேறு இலாகாவுக்கு அனுப்பப்பட்டு, அடுத்த வருஷத்து ஜமாபந்தி வரையில் வழியிலேயே தங்கிவிடுவதுண்டு.

இனி ராஜ்யத்தின் வரவு செலவுத் திட்டம். நிதி மந்திரி அதைச் சட்டசபையில் சமர்ப்பித்த பின், ஒவ்வொரு இலாகாவின் செலவும் மானியக் கோரிக்கையாகத் தனித்தனியே வாக்கெடுப்புக்கு வரும். வேளாண்மைக்குரியது 5-ஆம் எண் கோரிக்கை. 2021-ஆம் வருஷம் ஆகஸ்டு 14-ந் தேதியன்று, தமிழ்நாட்டில் முதன்முறையாக வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை படிக்கப்பட்டது. இதற்கு முன்னரே, 2011-இல், கர்நாடகம் இவ்வழியைத் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டின் அறிக்கையைத் தயாரிக்கும்போது விவசாயிகள், விஞ்ஞானிகள், வியாபாரிகள் முதலியோரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. பின்வந்த வருஷங்களிலும் இவ்வழக்கம் தொடர்ந்தது. முருங்கை ஏற்றுமதி மண்டலத்தில் மதுரை, தேனி, கரூர் முதலிய ஜில்லாக்களோடு திண்டுக்கல்லும் சேர்க்கப்பட்டதை இந்த ஜில்லாவின் முருங்கைக் குடியானவர்கள் அறிவார்கள்.

தனி அறிக்கையின் மொத்தத் தொகையைக் கண்டு மலைக்கவும் வேண்டாம், மகிழவும் வேண்டாம். 2021-22-இல் அது ரூ.34,220 கோடிக்கு மேல், 2025-26-இல் ரூ.45,661 கோடி. இதில் வேளாண்மை இலாகாவின் செலவு மட்டுமன்றி, கூட்டுறவு, கால்நடை, மீன்வளம் முதலிய பல இலாகாக்களின் செலவுகளும் ஒன்றாகத் திரட்டிக் காட்டப்படுகின்றன. 2025-26-இன் தொகையில் ரூ.8,186 கோடி, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தொகை, இலவச மின்சாரத்துக்காக மின்வாரியத்துக்குச் சேர வேண்டியது. கிணற்றுப் பாசனமே பெரும்பான்மையான திண்டுக்கல் சமவெளிக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் நிலத்தடி நீர் ஆழத்துக்கு ஆழம் இறங்க இறங்க இத்தொகையும் ஏறும். ஏறிய அளவுக்குக் கண்மாய்க்கும் கிடங்குக்கும் மிஞ்சுவது சுருங்கும். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மின்சாரத்தைப் பற்றி மட்டும் பேசி எழுந்து வருகிறவர் இக்கணக்கையும் கண்டிருத்தல் நலம்.

கேட்பது குடிகளின் உரிமையானால், கஜானாவின் நிலையைச் சொல்வது சர்க்காரின் கடமை. 2021 ஆகஸ்டு 9-ந் தேதி அன்றைய நிதி மந்திரி பழனிவேல் தியாகராஜன் ராஜ்யத்தின் நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டார். 2020-21-இன் வருவாய்ப் பற்றாக்குறை ரூ.61,320 கோடி என்றும், பொதுக் கடனைப் பங்கிட்டால் குடும்பம் ஒன்றுக்கு ரூ.2,63,976 ஆகும் என்றும் அதில் காட்டப்பட்டது. இவ்விரண்டில் முந்தியதே குடியானவன் கவனிக்கத்தக்கது. கிணறு வெட்டக் கடன் வாங்குவது ஒரு விதம். அன்றாடச் சாப்பாட்டுக்கும் பழைய வட்டிக்கும் கடன் வாங்குவது வேறு விதம். வருவாய்ப் பற்றாக்குறை இரண்டாவது விதத்தைச் சேர்ந்தது. அக்கடனால் ஒரு மடையும் புதிதாகக் கட்டப்படுவதில்லை.

எக்குறையை எங்கே சொல்வது என்பதில்தான் அநேகர் இடறுகின்றனர். கண்மாயையே எடுத்துக்கொள்ளலாம். நூறு ஏக்கருக்கு உட்பட்ட ஆயக்கட்டுள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டது நீர்வள இலாகாவின் பொறுப்பு. 80 ஏக்கர் பாயும் கண்மாயின் மடை உடைந்ததற்கு நீர்வள இலாகாவின் என்ஜினீயரைத் தேடி அலைவது வீண். அதுபோலவே, தக்காளி விலை பறிப்புக் கூலிக்கும் கட்டாதபடி வீழ்ந்தால், அதற்குக் கிராமசபையில் பரிகாரமில்லை. குளிர்பதனக் கிடங்கு, பதனிடும் தொழிற்சாலை, ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் யாவும் ராஜ்யத்தின் திட்டத்தில் சேர வேண்டியவை. கலெக்டர் தலைமையில் மாதந்தோறும் கூடும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் இதனை எழுத்து மூலம் பதிவு செய்யலாம். தெரு விளக்கு, குடிநீர்த் தொட்டி, களத்துக்குப் போகும் பாதை முதலியன ஊராட்சிக்குரியவை.

ஊராட்சியின் வரவில் வீட்டு வரி முதலியன ஒரு பகுதி. நிலத் தீர்வையோடு ஸ்தல வரியும் வசூலாகிறது. இவற்றிலும் பெரிது, ராஜ்ய நிதிக் கமிஷனின் சிபாரிசின்படி, சர்க்காரின் சொந்த வரி வருமானத்தில் நூற்றுக்குப் பத்து வீதம் உள்ளூர் ஸ்தாபனங்களுக்குப் பிரித்தளிக்கும் தொகை. சென்னையில் வரி குறைந்தால் கிராமத்தின் பங்கும் குறையும் என்பது இதனால் விளங்கும். 1994-ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டம், கிராமத் திட்டத்தையும் வரவு செலவையும் அங்கீகரிக்கவும் தணிக்கை அறிக்கையைப் பரிசீலிக்கவும் கிராமசபைக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் யாவரும் அச்சபையின் அங்கத்தினர். ஐந்து ஏக்கர் உள்ளவரும் நிலமற்ற கூலியாளும் அங்கே சமம்.

ஒட்டன்சத்திரத்துக் காய்கறியை வாங்கும் கேரளத்தில், 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின்படி, ராஜ்யத் திட்டப் பணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளூர் ஸ்தாபனங்களுக்கு விடப்பட்டது. பிரேஸில் தேசத்துப் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல் பேட்டைவாசிகளே கூடி, எந்த வேலை முதலில் என்று வரிசைப்படுத்தினர். இவ்விடங்களில் சபைக்கு வந்தவர் பிரிக்கத்தக்க பணம் கண்ணெதிரே இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமசபையில் பேச்சுக்குக் குறைவில்லை; பிரிப்பதற்கு மிஞ்சும் பணம்தான் சொற்பம். மின்கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் போன பின்னர் பல ஊராட்சிகளில் எஞ்சுவது சிறிதே.

திண்டுக்கல் ஜில்லாவில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்கள், அங்கத்தினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ந் தேதியுடன் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில், கிராமத்தார் நேரில் கணக்குக் கேட்கக்கூடிய இடம் கிராமசபை ஒன்றே. அது ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களிலும், 2022-இல் செய்த ஏற்பாட்டின்படி மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய தினங்களிலும் கூடும். ஜனத்தொகை 500 வரையில் 50 பேர், 3,000 வரையில் 100 பேர், 10,000 வரையில் 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருத்தல் வேண்டும். பெயர்ப் பதிவில் கையெழுத்திட்டுவிட்டுக் கணக்கு வாசிக்குமுன் வீடு திரும்புவோரே பல ஊர்களில் அதிகம். கணக்கு வாசிக்கும்போது மின்கட்டணப் பாக்கி எவ்வளவு என்பதை முதலில் கேட்டால், மீதி நிலைமை தானே வெளிப்படும்.

தேதியைத் தெரிந்தெடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. மார்ச் 22-இல் கூடும் சபை புதிய நிதியாண்டுக்கு மிகச் சமீபமானதாகையால், ஊராட்சியின் சொந்தப் பணத்தால் ஆகக்கூடிய வேலைகளை அன்று பேசுவது தக்கது. ராஜ்யப் பணம் வேண்டும் வேலைகளுக்கோ அது காலங்கடந்த நாள். பெரும்பாலும் அதற்குள் நிதிநிலை அறிக்கை படித்து முடிந்திருக்கும். இலாகாக்கள் அடுத்த வருஷத்து மதிப்பீடுகளைத் தயாரிப்பது முந்திய வருஷத்தின் பிற்பகுதியில். ஆகையால் அத்தகைய தீர்மானங்களை அக்டோபர் 2 அல்லது நவம்பர் 1-ந் தேதிச் சபையிலேயே, கண்மாயின் பெயர், சர்வே எண், ஆயக்கட்டு ஏக்கர், வேலையின் விவரம் ஆகியவற்றுடன் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்து, அதன் நகலை உரிய இலாகாவுக்கும் கலெக்டர் கச்சேரிக்கும் அனுப்பி, ரசீது பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.