இடைமுகச் சொற்களும் அணுகல்தன்மையும்: வேலூர் – ஆம்பூர் தோல்தொழிற் பகுதியை முன்வைத்து

திறவுச்சொற்கள்: இடைமுகத் தமிழ், அணுகல்தன்மை, திரைவாசிப்பான், பிழைச்செய்தி, இ-ஷ்ரம், வீட்டுவழித் தொழிலாளர்

முன்னுரை

இணையதளங்களிலும் செயலிகளிலும் பொத்தான், படிவப்புலம், பிழைச்செய்தி, உதவிக்குறிப்பு ஆகியவற்றில் இடம்பெறும் சொற்கள் இடைமுக உரை எனப்படும். அணுகல்தன்மை குறித்த உரையாடல் பெரும்பாலும் எழுத்தளவு, வண்ண வேறுபாடு, திரைவாசிப்பான் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இவையனைத்தும் செம்மையாக அமைந்தும் சொல் பிழைத்தால் பயனர் வாயிலிலேயே நின்றுவிடுவார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மின்னணு ஊடகங்களின் அணுகல்தன்மையை வலியுறுத்துகிறது. பிரக்யா பிரசூன் வழக்கில் 30.04.2025 அன்று உச்சநீதிமன்றம் எண்ணிம அணுகலை அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் வாழ்வுரிமையின் கூறாக ஏற்றது. எனினும் தமிழில் ஒரு பொத்தானுக்கு எச்சொல்லை இடவேண்டும் என்பதைச் சட்டமோ தீர்ப்போ சொல்வதில்லை. அது மொழியாய்வாளர் செய்யவேண்டிய பணி.

ஒரு பெயர், இரண்டு எண்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்தில் தோல் பதனிடுதலும் காலணி உற்பத்தியும் பல்லாயிரவர்க்கு வாழ்வளிக்கின்றன. காலணி ஆலைகளில் பெண்களே மிகுதி. ஆலைக்குச் செல்லாமல் காலணியின் மேற்பகுதியை வீட்டிலேயே கையால் தைத்து, இணைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுவோரும் உளர். ஆலைத் தொழிலாளி வருங்கால வைப்பு நிதி அமைப்பின் உறுப்பினர். வீட்டில் தைப்பவருக்கு உரியது 26.08.2021 அன்று தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளம். இரண்டு அமைப்புகளும் தத்தம் பயனருக்கு 12 இலக்க எண் ஒன்றை வழங்குகின்றன. இரண்டிற்கும் யூ.ஏ.என். என்பதே பெயர். மருமகள் ஆலையிலும் மாமியார் வீட்டிலும் தைக்கும் குடும்பத்தில் ஒரே பெயரில் இருவேறு எண்கள் இருக்கும். ‘யூ.ஏ.என். எண்ணை உள்ளிடுக’ என்னும் புலத்தைத் திரைவாசிப்பான் பிழையின்றி ஒலித்தாலும் எந்த எண் என்னும் ஐயம் தீராது. இலக்க எண்ணிக்கையும் ஒன்றே ஆதலால் வேறுபாட்டை அதுவும் காட்டிக்கொடுக்காது. ‘பி.எஃப். எண் (12 இலக்கம்)’, ‘இ-ஷ்ரம் அட்டை எண் (12 இலக்கம்)’ என எழுதினால் குழப்பம் அகலும். ‘வருங்கால வைப்பு நிதி’ சீரிய ஆட்சிச்சொல்லே. ஆயினும் ‘பி.எஃப். பிடிக்கிறார்கள்’ என்பதே தொழிலாளர் வழக்கு. புலத்தின் பெயரில் வழக்குச்சொல்லும் விளக்கத்தில் ஆட்சிச்சொல்லும் வருவது தகும்.

காலம் காட்டாத வினா

வைப்பு நிதி அமைப்பின் உறுப்பினர் இ-ஷ்ரமில் பதிவு செய்ய இயலாது. ஆகவே பதிவின் தொடக்கத்திலேயே அவ்வுறுப்புரிமை வினவப்படுகிறது. இதனை ‘நீங்கள் உறுப்பினரா?’ எனத் தமிழாக்கினால் சிக்கல் எழுகிறது. பெயர்ப் பயனிலை காலத்தை வெளிப்படையாகக் காட்டுவதில்லை. சில ஆண்டுகள் ஆலையில் பணியாற்றி, குழந்தை பிறந்தபின் வீட்டில் தைக்கத் தொடங்கிய பெண்ணுக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கும். இன்று பிடித்தம் இராது. அவர் ‘ஆம்’ எனத் தொட்டால் பதிவு அங்கேயே முடிந்துவிடும். அமைப்புசாராத் தொழிலாளர்க்கான தேசியத் தரவுத்தளத்தில் அவர் பெயர் இடம்பெறாது. ‘இப்போது உங்கள் கூலியில் பி.எஃப். பிடிக்கிறார்களா?’ என்பதில் காலமும் உண்டு, வினையும் உண்டு. பழைய கணக்கு உடையவர் என்ன செய்யவேண்டும் என்பதையும் அடுத்த வரியில் சேர்க்கலாம். தொடக்கத்தில் இத்தளத்தில் தமிழே இல்லை. 2025 ஜனவரியில்தான் பாஷிணி மொழிபெயர்ப்பின் வழி 22 மொழிகள் வந்தன. வரவேற்கத்தக்க மாற்றமே. எனினும் எந்திர மொழிபெயர்ப்பு சொல்லுக்குச் சொல் தரவல்லதே தவிர, வினா யாரை நோக்கியது என்பதை அறியாது.

பொத்தானும் பிழைச்செய்தியும்

‘சேமி’, ‘அனுப்பு’ என்னும் ஏவல் வடிவங்கள் மரியாதைக் குறைவானவை என்னும் கருத்து உண்டு. பொத்தானில் பேசுபவர் பயனர், கேட்பது கருவி. எனவே வேர்ச்சொல் போதும். அறிவுறுத்தலிலோ கருவி பயனரிடம் பேசுகிறது. அங்கு ‘உள்ளிடுங்கள்’ என்பதே முறை. தமிழின் சொல்வரிசை இங்கு ஒரு நன்மையும் தருகிறது. திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோர் இணைப்புகளின் முதற்சொல்லைக் கேட்டதும் அடுத்ததற்குத் தாவுவது உண்டு. ‘பி.எஃப். இருப்பைப் பார்’, ‘பி.எஃப். முன்பணம் கேள்’ என்பனவற்றைக் காட்டிலும் ‘இருப்பைப் பார்’, ‘முன்பணம் கேள்’ என்பன வேறுபாட்டை உடனே உணர்த்தும். ‘இங்கே சொடுக்கவும்’ என்பது எதையும் உணர்த்தாது.

இணைய உள்ளடக்க அணுகல்தன்மை நெறிகள் 2008ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே பிழையைச் சுட்டுவதோடு திருத்தும் வழியையும் கூறவேண்டும் என்கின்றன. தமிழ்ப் பெயர்களில் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னும் மற்றொன்றில் பின்னும், வேறொன்றில் தந்தை பெயராக விரிந்தும் நிற்கும். ‘பெயர் பொருந்தவில்லை’ என்னும் செய்தி பயனரையே குற்றவாளி ஆக்குகிறது. ‘ஆதாரிலும் பி.எஃப். பதிவிலும் உங்கள் பெயர் வேறு வேறாக உள்ளது. முதலெழுத்தைச் சரிபாருங்கள்’ என்பது வழிகாட்டுகிறது. மாவட்டப் பட்டியலும் இத்தகையதே. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபின் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் அமைந்தன. பழைய ஆவணங்களில் வேலூரே உள்ளது. ‘தவறான மாவட்டம்’ என்று நிறுத்தாமல், ‘ஆம்பூர் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் உள்ளது, அதைத் தேர்ந்தெடுங்கள்’ என ஒரு வரி எழுதினால் போதும்.