தாளம் தப்பினால் எழுத்தும் தப்பும்

கடலோரக் குருசுக்குப்பத்தில் ஒரு வீட்டுத் திண்ணையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இரண்டாம் வகுப்புப் பையன் நோட்டுடன் உட்கார்ந்திருக்கிறான். அம்மா 'பால்' என்கிறார். அவன் 'பல்' என்று எழுதுகிறான். 'பாட்டு' என்றால் 'பாடு'. "என்னடா, காது கேக்கலயா உனக்கு?" என்று அம்மா அலுத்துக்கொள்கிறார். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கலாம். ஒலியின் நீளந்தான் பிடிபடாமல் இருக்கலாம்.

மாத்திரைக் கணக்கு

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் என்று மாத்திரையைத் தொல்காப்பியம் அளந்து வைத்திருக்கிறது. தமிழில் நேரம் மாறினால் பொருளே மாறிவிடும்: படு–பாடு, எடு–ஏடு, படி–பட்டி.

ஆய்வுகள் சொல்வது

பேசும்போது ஒவ்வோர் அசையிலும் ஒலி எழுந்து தணிகிறது. இயல்பான பேச்சில் நொடிக்கு நான்கைந்து அசைகள் வரும். அந்த எழுச்சியைப் பற்றிக்கொண்டே மூளை அசைகளைப் பிரிக்கிறது. டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு இந்த எழுச்சியை உணர்வதில் சிரமம் இருப்பதை, ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் ஆய்வாளர் உஷா கோஸ்வாமி குழுவினர் 2002இல் காட்டினர். தாளத்துக்கு ஏற்ப விரல் தட்டச் சொன்னாலும் இவர்களில் பலர் தடுமாறுகிறார்கள்.

பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. சீரான தாளம் கொண்ட இசையைக் கேட்டபின், மொழிக் குறைபாடும் வாசிப்புக் குறைபாடும் உள்ள பிள்ளைகள் வாக்கியப் பிழைகளைக் கூடுதலாகக் கண்டுபிடித்தனர். தாளம் சீரில்லாதபோது அந்த அளவுக்கு முடியவில்லை.

மொழி வளர்ச்சிக் குறைபாடு நூறில் ஏழு பிள்ளைகளுக்கு இருக்கலாம் என்பது வெளிநாட்டு மதிப்பீடு. சோம்பலோ வளர்ப்போ இதற்குக் காரணமில்லை. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்பதாலும் இது வருவதில்லை.

கவனிக்க வேண்டியவை

- இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாதது
- ஐந்து வயதுக்கு மேலும் 'அம்-மா', 'பட்-டம்' என்று கைதட்டிப் பிரிக்க முடியாதது
- எதுகைச் சொற்கள் ஒத்து ஒலிப்பதை உணராதது
- குறில் நெடில் குழப்பம் விடாமல் தொடர்வது
- முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்துப் படிப்பது

வீட்டில் செய்யலாம்

வலை இழுக்கும்போது மீனவர்கள் அம்பா எனும் பாட்டைப் பாடுவார்கள். அத்தனை கைகளையும் ஒரே நேரத்தில் இழுக்க வைப்பது அந்தத் தாளந்தான். தாத்தாவுக்குத் தெரிந்தால் பேரனுக்குப் பாடிக் காட்டட்டும், அவன் கைதட்டட்டும். 'பல்' என்றால் ஒரு சொடக்கு, 'பால்' என்றால் இரண்டு எனச் சொல்லி விளையாடுங்கள். தினம் பத்து நிமிடம் போதும். இது துணைப் பயிற்சி மட்டுமே. ஒலியையும் எழுத்தையும் இணைக்கும் முறையான பயிற்சியும் பேச்சுப் பயிற்சியாளரின் உதவியும் கட்டாயம் வேண்டும்.

எங்கே போவது?

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்கும் குழுக்கள் செவித்திறன், பேச்சுத் தாமதம், கற்றல் குறைபாடு ஆகியவற்றையும் பார்க்கின்றன. கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஏற்றிருக்கிறது.

சளியால் நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் பிள்ளை சொற்களைத் தவறவிடும். ஆகவே, "காது கேக்கலயா?" என்று அடுத்த முறை திட்டத் தோன்றும்போது, அதே கேள்வியோடு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.