லயத்துக் காம்பராவில் லத்தீன்

மலையகத்தில் ஒருவர் தம் வீட்டை ‘லயத்துக் காம்பரா’ என்று சொன்னால், அந்த இரண்டு சொல்லுமே லத்தீன் வழி வந்தவை. லயம் என்பது ஆங்கில லைன். அதன் மூலம் லத்தீன் லீனியா, அதாவது ஆளி நாரில் திரித்த நூல். இழுத்துப் பிடித்த நூல் கோடானது, கோடு வரிசையானது, தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய வீடுகளுக்கும் அதுவே பெயரானது.

காம்பரா இன்னும் வியப்பானது. லத்தீனில் காமெரா என்றால் வளைந்த கூரை, பிறகு அறை. பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போனபோது சேம்பர் ஆயிற்று. போர்த்துக்கேயத்தில் காமரா. சிறு துளை வழியே இருட்டறைக்குள் வெளிக்காட்சி தலைகீழாக விழுவதைக் கண்டவர்கள் அதை லத்தீனில் ‘இருண்ட அறை’ என்று அழைத்தார்கள்; கைப்பேசியில் உள்ள கேமரா அந்தப் பெயரின் மிச்சம். ரோமரின் வளைகூரைக்கு உரிய சொல், 10 அடிக்கு 12 அடி இடத்தில் ஒரு குடும்பமே அடைந்து வாழ்ந்த அறைக்கு வந்து சேர்ந்ததை நினைத்தால் மனம் கனக்கிறது.

குசினியும் கிச்சனும்கூட ஒரே லத்தீன் சொல்லின் பிள்ளைகள். கதிரையும் செயரும் அப்படியே. பாண், லத்தீன் பானிஸ். கம்பெனி என்ற சொல்லுக்குள்ளும் அந்தப் பாண்தான் இருக்கிறது: சேர்ந்து ரொட்டி உண்போர் என்பது அதன் அடிப்பொருள். குசினி, கதிரை, பாண் எல்லாம் போர்த்துக்கேயர் வழியே நம்மிடம் வந்தவை. 1505இல் இலங்கைக்கு வந்த அவர்களால் கண்டியைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவர முடியவில்லை. அவர்கள் ஏறி நிலைக்காத மலையில் அவர்களுடைய சொற்கள் ஏறிவிட்டன.

கெல்டிக் மொழிகளின் கதை வேறு. 5ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரின் முன்னோர் பிரிட்டனில் குடியேறியபோது அங்கே கேட்டது கெல்டிக் பேச்சு. அதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த அன்றாடச் சொற்கள் மிகச் சிலவே. ஆறும் மலையும் மட்டும் பழைய பெயரை விடவில்லை. இங்கிலாந்தில் ஏவன் என்று பல ஆறுகள் உண்டு. கெல்டிக்கில் அதன் பொருளே ‘ஆறு’தான்! நானுஓயா, பூண்டுலோயா என்று ஊர்ப்பெயர் சொல்லும் நமக்கு இது புதிதல்ல. சிங்களத்தில் ஓயா என்றால் சிற்றாறு.

1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். அவரைப் போலவே அங்கிருந்து வந்த துரைமார் பலர், தங்கள் ஊர்ப்பெயர்களையும் கொண்டுவந்தார்கள். கெல்டிக் கிளையான கேலிக்கில் கிளென் என்றால் ஒடுங்கிய பள்ளத்தாக்கு, ஸ்ட்ராத் என்றால் அகன்றது. மஸ்கெலியாப் பக்கத்துக் கிளென்டில்ட்டும் ஸ்ட்ராத்ஸ்பேயும் ஸ்கொட்லாந்தின் டில்ட், ஸ்பே ஆறுகளின் பள்ளத்தாக்குப் பெயர்கள். ஆறு அங்கே ஓட, பெயர் இங்கே நிற்கிறது. அந்த மண்ணை வெட்டிக் கொழுந்து பறித்த மக்கள் பல தோட்டங்களுக்குத் தாமாகவும் தமிழ்ப் பெயர் சூட்டினார்கள். கடித உறையில் எழுதுவது ஒரு பெயர், லயத்தில் அழைப்பது இன்னொரு பெயர்.