முரடனா? மூச்சுக்குத் தவிப்பவனா?

கைதானவன் முரண்டு பிடிக்கிறான், திமிறுகிறான், உதைக்கிறான். காவலர் என்ன செய்வது? அடக்கத்தான் வேண்டும். மறுக்கவில்லை, தோழர்களே! ஆனால் எப்படி? எதுவரை? அதுதான் கேள்வி.

2020 மே 25. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரிலே ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத் தோழர் கைதானார். புகார் என்ன? 20 டாலர் கள்ளநோட்டு! காவல் வண்டிக்குள் போக மறுத்தவரைத் தெருவிலே குப்புறக் கிடத்தினர். கைகளிலோ விலங்கு. கழுத்திலோ ஒரு காவலரின் முழங்கால் — 9 நிமிடத்துக்கும் மேலாக! மூச்சு முட்டுகிறது என்று கதறினார். ஒருக்களித்துப் படுக்க வைக்கலாமா என்று உடனிருந்த காவலர் ஒருவரே கேட்டார். முழங்கால் நகரவில்லை, உயிர் நகர்ந்தது.

குப்புறக் கிடப்பவனை மேலிருந்து அழுத்தினால் நெஞ்சு விரியாது, காற்று நுழையாது. காற்றுக்காகத் திமிறுவான். அதை முரட்டுத்தனம் என்றெண்ணி மேலும் அழுத்துவார்கள். அழுத்த அழுத்தத் திமிறல். திமிறத் திமிற அழுத்தம். முடிவு? பிணம்!

யாருக்கும் தெரியாத இரகசியமா இது? விலங்கு பூட்டியதுமே குப்புறக் கிடப்பவனைப் புரட்டிவிடுக என்று அமெரிக்க நீதி அமைச்சகம் 1995-லேயே காவலருக்கு எச்சரிக்கை விடுத்ததே! ஏட்டிலே இருந்தது, தெருவிலே இல்லை.

2021-இல் அந்தக் காவலருக்கு 22½ ஆண்டுச் சிறை. குடும்பத்துக்கு மாநகராட்சி தர இசைந்தது 2 கோடியே 70 லட்சம் டாலர். போன மூச்சு திரும்பிற்றா?

விலங்கு பூட்டியாயிற்றா? புரட்டுங்கள், உட்கார வையுங்கள், மூச்சைக் கவனியுங்கள், மருத்துவரை அழையுங்கள். கைதியைக் காவலில் வைப்பவர், அவன் உயிருக்கும் காவலரன்றோ!