விசாவுக்கு முன்பே நாயின் ரத்தம்

வேலை உறுதியாகி, விசா கையில் வந்து, அடுத்த மாதம் லண்டனில் சேர வேண்டும் என்ற நிலையில்தான் பலர் வளர்ப்பு நாயோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுகிறார்கள். அப்போது ஓடிப் பயனில்லை. இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கோ போகும் நாய்க்குப் புதிதாக ஏற்பாடு தொடங்கினால் குறைந்தது நான்கு மாதம் பிடிக்கும். எந்தச் சிபாரிசும் இதைக் குறைக்காது. நேரம் போதாமல் காப்பகத்தில் விடப்படும் நாய்களில் பல, வேலைக்கு விண்ணப்பித்த அன்றே வீட்டார் தொடங்கியிருந்தால் கூடவே போயிருக்கும்.

முதலில் மைக்ரோசிப். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்தப்படும் அரிசியளவுச் சில்லு அது. அதில் 15 இலக்க எண் இருக்கும். அதற்குப் பிறகு போடும் ரேபிஸ் தடுப்பூசி மட்டுமே கணக்கில் சேரும். ஆண்டு தவறாமல் ஊசி போட்டு வந்த நாயாக இருந்தாலும், சிப்புக்கு முந்தைய ஊசிகள் செல்லாது. ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்பதற்கு அந்த எண்ணைத் தவிர வேறு அத்தாட்சி இல்லையே. ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மருத்துவர்கள் ‘டைட்டர் டெஸ்ட்’ என்பது இதைத்தான். நோய் எதிர்ப்புப் பொருள் ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் முடிந்த பிறகே நாய் அந்த நாட்டுக்குள் நுழையலாம்.

ரத்தம் தேறிய பிறகும் ஏன் காத்திருக்க வேண்டும்? ரேபிஸ் கிருமி உடலில் புகுந்த பின் அறிகுறி தெரிய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். ஊசிக்கு முன்பே தொற்றியிருந்தால் அது வெளிப்படுவதற்கான அவகாசம் இது. 2012க்கு முன்பு இந்தியாவிலிருந்து பிரிட்டன் போன நாய் அங்கே ஆறு மாதம் குவாரன்டைன் கூண்டில் கிடக்க வேண்டியிருந்தது. இப்போது அந்தக் காத்திருப்பை நம் வீட்டுத் திண்ணையிலேயே முடித்துவிடலாம். கெடுபிடியாகத் தோன்றும் இந்த விதி, உண்மையில் நாய்க்குப் பெரிய விடுதலை.

ஒன்றில் மட்டும் கவனம் தவறவே கூடாது. அடுத்த ஊசியின் தேதி ஒரு நாள் தள்ளிப்போனாலும் டைட்டர் முடிவு செல்லாமல் போய், எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தேதி தவறாமல் போட்டுவந்தால், ஒரு முறை எடுத்த முடிவே போதும்.

கடைசி வாரத்து வேலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். பிரிட்டனுக்குப் போகும் நாய்க்கு, அங்கே நுழைவதற்கு முந்தைய 24 முதல் 120 மணி நேரத்துக்குள் நாடாப்புழு மருந்து கொடுத்து மருத்துவர் பதிய வேண்டும். சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு அரசுச் சான்று தருவது பள்ளிக்கரணையில் உள்ள விலங்குத் தடைகாப்பு அலுவலகம். உரிமையாளரும் நாயும் ஐந்து நாள் இடைவெளிக்குள் பயணம் செய்யாவிட்டால் அது வணிக இறக்குமதியாகக் கருதப்படும், விதிகளும் மாறிவிடும்.

விமானத்தில் பிரிட்டன் போகும் நாய் கார்கோவாகவே பதிவாகும். நாய் ஏறும் சரக்கு அறையிலும் காற்றழுத்தமும் வெப்பமும் பயணிகள் அறையைப் போலச் சீராக வைக்கப்படுவதால் அதை எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. கூண்டுக்குள் நாய் தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். எடை, கூண்டின் அளவு இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம் என்பதால் ராஜபாளையம் போன்ற உயரமான நாய்க்குச் செலவு எகிறும். டைட்டர் முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே கூண்டை வாங்கி, கதவைத் திறந்தே வைத்து, சாப்பாட்டை அதற்குள் கொடுத்துப் பழக்குங்கள். பயண நாளில் அது பழகிய இடமாக இருக்க வேண்டும். தூக்க மருந்து கொடுக்கவே கூடாது. அது ரத்த அழுத்தத்தைக் குறைத்து, உடல் சூட்டைச் சமாளிக்கும் திறனையும் கெடுக்கும்.

பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மூச்சுப்பாதை குறுகலாக இருப்பதால் சூட்டிலும் பதற்றத்திலும் அவற்றுக்கு மூச்சுத் திணறும். பல விமான நிறுவனங்கள் அவற்றை ஏற்பதே இல்லை. 2003இல் வந்த ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்தில் பார்த்து பக் வாங்கிய ஊர் நம்முடையது. அதனால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்னி நட்சத்திரக் காலத்தில் எந்த நாயையும் பகல் விமானத்தில் ஏற்றாதீர்கள்.

அமெரிக்காவின் விதிகள் 2024 ஆகஸ்டில் மாறின. நாய்க்கு ஆறு மாதம் நிரம்பியிருக்க வேண்டும். இந்தியாவில் ஊசி போட்ட நாய் குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் மட்டுமே இறங்கலாம். ஆஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து நேரே கொண்டுபோகவே முடியாது. அனுமதிக்கப்பட்ட வேறொரு நாட்டின் வழியாகப் போய், மெல்பர்ன் அருகே மிக்கில்ஹாமில் குவாரன்டைனும் இருந்தாக வேண்டும்.

ஹீத்ரோவில் இறங்கும் நாய் நேரே விலங்கு வரவேற்பு மையத்துக்குப் போகும். அங்கே சிப்பையும் காகிதங்களையும் சரிபார்க்கச் சில மணி நேரமாகும். எல்லாம் சரியாக இருந்தால் அன்றே கையில் கொடுத்துவிடுவார்கள். இங்கிலாந்தில் குடியேறினால், 30 நாளுக்குள் சிப் எண்ணை அந்நாட்டுப் பதிவேட்டில் புதிய முகவரியோடு சேர்த்துவிட வேண்டும். புது ஊரில் நாய் வழிதவறினால், வீட்டைக் கண்டுபிடிக்க உதவுவது அந்தப் பதிவுதான்.