தின்று எறிந்த ஓடு இத்தனை சொல்லுமா?

ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கின் தண்ணீர், வைகையில் சேர்ந்து, கீழடியைக் கடந்து, அழகன்குளம் பக்கம் கடலைத் தேடிப் போகிறது. அப்படிப்பட்ட கடற்கரைகளில் ஆதி மனிதர் என்ன சாப்பிட்டார்கள் என்பதை அவர்கள் வீசியெறிந்த மட்டி ஓடே காட்டிக்கொடுக்கும், தெரியுமா?

சோறு மட்கும், இலை மட்கும். சுண்ணாம்பாலான ஓடு கிடக்கும்! அதுமட்டுமா, ஓடுகள் குவிந்த கிளிஞ்சல் மேட்டில் கரையும் சுண்ணாம்பு மண்ணின் அமிலத்தைத் தணித்து, கூடக் கிடக்கும் மீன்முள்ளையும் எலும்பையும் காப்பாற்றுகிறது. இலங்கையில் அம்பாந்தோட்டைக் கரையின் கிளிஞ்சல் மேடுகளில் சுமார் 4,000 ஆண்டு பழைய மனித எலும்புக்கூடுகளே கிடைத்தன!

தென்னாப்பிரிக்காவின் பினக்கிள் பாயிண்ட் குகையில் 1,64,000 ஆண்டுகளுக்கு முன்பே மட்டி சாப்பிட்டிருக்கிறார்கள். ஜப்பானின் ஓமோரி கிளிஞ்சல் மேட்டை 1877இல் விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ் கண்டதோ ஓடும் ரயிலின் ஜன்னல் வழியாக!

எல்லா ஓடும் சாப்பாட்டு மிச்சம்தானா? அலை ஒதுக்கியது தேய்ந்து, குஞ்சும் பெரிதுமாகக் கலந்திருக்கும். ஆள் பொறுக்கியது பெரும்பாலும் ஒத்த அளவில், கரியோடும் நெருப்புத் தடத்தோடும் கிடக்கும். கொற்கையில்தான் இந்தக் கேள்வி சூடு பிடிக்கிறது. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது சிப்பி ஓடுகள் வந்தன. முத்துக்குளித்த ஊராயிற்றே! முத்துக்காகத் திறந்த சிப்பியை உணவுக் கணக்கில் எழுதிவிட முடியுமா?

என்னை மலைக்க வைப்பது வேறொன்று. ஓடு வளர வளர விளிம்பில் புதிய அடுக்கு சேர்கிறது; அன்றைய கடல்நீரின் வெப்பமும் உப்பும் அதில் ஆக்சிஜன் ஐசோடோப் விகிதமாகப் பதிகின்றன. கடைசி அடுக்கைச் சுரண்டிச் சோதித்தால், அந்த மட்டி எந்தப் பருவத்தில் அடுப்பேறியது என்றுகூடச் சொல்லலாம்! வயதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கடலின் பழைய கரிமத்தை உள்வாங்கி வளர்வதால், கார்பன் சோதனையில் ஓடு சுமார் 400 ஆண்டு மூத்ததாகத் தெரியும்.

கரையை விட்டு உள்ளே வந்தால் கதையே மாறுகிறது. இலங்கையின் பாஹியன்கல மழைக்காட்டுக் குகைவாசிகள் தின்றது குரங்கும் அணிலும். கடல் ஓடுகளை மணியாக்கி அணிந்தார்கள். தமிழகத்தின் உள்நாட்டு ஊர்களான கொடுமணலிலும் கீழடியிலும் கிடைத்திருப்பவை சங்கு வளையல்கள். ஆகவே ஓடைப்பட்டிப் பக்கம் உழவில் ஒரு சங்குத் துண்டு தட்டுப்பட்டால், வளையலுக்காக அறுத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அசைக்காமல் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். இடம் மாறினால் பாதிச் செய்தி போய்விடும்.