செரட்டோனின் கடத்தியை அளக்கும் எலைசா

நரம்பணு ஒன்று தன் அண்டை அணுவுக்குச் செய்தி அனுப்ப வெளியிடும் செரட்டோனினை, வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வது செரட்டோனின் கடத்திப் புரதம். 630 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தச் சங்கிலி, உயிரணுச் சவ்வை 12 முறை ஊடுருவி வளைந்து நிற்கிறது. ஃபுளுவாக்சிட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் இதன் வாயைத்தான் அடைக்கின்றன. இதே புரதம் ரத்தத் தட்டணுக்களிலும் இருக்கிறது. அதனால் மூளைத் திசு கிடைக்காத இடத்தில் ஆய்வாளர்கள் ரத்தத்தை நாடுகிறார்கள்.

இந்தக் கடத்தியை அளக்கும் ஆய்வகப் பெட்டிகளில் பல எலைசா வகையைச் சேர்ந்தவை; அதாவது, எதிர்ப்பொருளால் பிடித்து, நொதியை அடையாளமாக வைத்து அளப்பவை. எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்க ஆய்வாளர்கள் யாலோவும் பெர்சனும் உருவாக்கிய பழைய முறையில் கதிரியக்கம் அடையாளமாக இருந்தது. அதற்குப் பதிலாக நொதியைப் பூட்டும் முறையை 1971-ல் ஸ்வீடனில் ஒரு குழுவும் நெதர்லாந்தில் இன்னொரு குழுவும் தனித்தனியே வெளியிட்டன.

பெட்டிக்குள் இருப்பது 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு. குழியின் அடியில் ஒட்டவைக்கப்பட்ட எதிர்ப்பொருள், மாதிரியிலுள்ள கடத்தியைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டாதவற்றைக் கழுவி அகற்றியபின், அதே புரதத்தின் வேறொரு பகுதியைப் பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருளைச் சேர்ப்பார்கள். அதனுடன் இணைக்கப்படும் பெராக்சிடேஸ் நொதி, நிறமற்ற கரைசலை நீலமாக்கும். அமிலம் விட்டதும் அது மஞ்சளாகும். 450 நானோமீட்டர் ஒளியில் அந்த மஞ்சளின் அடர்த்தியைக் கருவி படிக்கிறது. செறிவு தெரிந்த கரைசல்களைக் கொண்டு வரைந்த வளைகோட்டோடு ஒப்பிட்டால் அளவு கிடைக்கும். கழுவுவதில் காட்டும் அலட்சியம் முடிவையே கெடுத்துவிடும்.

உண்மையான சிக்கல் மாதிரியைத் தயாரிப்பதில் இருக்கிறது. சவ்வில் புதைந்த புரதத்தைக் கரைத்தெடுக்கச் சோப்பு போன்ற வேதிப்பொருள் தேவை. அதன் வீரியம் குறைந்தால் புரதம் சவ்வை விட்டு வராது. மிகுந்தால் எதிர்ப்பொருளின் பிடியே தளரும். சவ்வில் வாழும் புரதத்தைச் சீரத்தில் அளந்ததாகச் சொல்லும் எண்ணை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்; உடைந்த தட்டணுக்களின் சிதறலும் அதில் கலந்திருக்கலாம். டோபமைன், நார்எபிநெஃப்ரின் கடத்திகள் இதன் நெருங்கிய உறவுகள் என்பதால் எதிர்ப்பொருள் ஆள்மாறி அவற்றைப் பிடிப்பதும் நேரக்கூடும். இதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு: இந்தக் கடத்திக்கான மரபணு நீக்கப்பட்ட எலியின் திசுவை இட்டுப் பார்ப்பது. அப்போதும் நிறம் ஏறினால், பெட்டி அளப்பது வேறெதையோ.

அளவும் செயலும் ஒன்றல்ல. தேவைக்கேற்ப உயிரணு தன் கடத்திகளைச் சவ்விலிருந்து உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். கரைத்தெடுத்த மாதிரியில் அவையும் எண்ணிக்கையில் சேரும். உண்மையில் எவ்வளவு செரட்டோனின் உள்ளே போகிறது என்று அறிய, கதிரியக்க அடையாளமிட்ட செரட்டோனினை உயிரணுக்களுக்குக் கொடுத்து அளக்கும் தனிச் சோதனை வேண்டும்.

இப்பெட்டிகள் ‘ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற குறிப்போடுதான் பொதுவாக விற்கப்படுகின்றன. ஒருவருக்கு மனச்சோர்வு உண்டா இல்லையா என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியாது.